குஞ்சு செத்த கூண்டிலிருந்து விற்காதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிளி வளர்த்து விற்கும் அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

கிளிக்குஞ்சுகளைக் கொல்லும் பாலியோமா வைரஸைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மாலையில் வாய் திறந்து கஞ்சி வாங்கிய குஞ்சு காலையில் செத்துக் கிடப்பதை எங்களைவிட அதிகம் பார்த்தவர்கள் நீங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த சன் கானூர் கிளிக்குஞ்சு தீனியை ஒதுக்கியது. முன்பு தின்றதும் தீனிப்பையிலிருந்து இறங்கவே இல்லை. கழுத்தோரம் தோலுக்கடியில் நாவல்பழக் கறை போல ஒரு திட்டு. அப்புறம் இறக்கையில் முளைத்துவந்த இறகுக் குருத்து ஒன்று துணியில் மாட்டி ஒடிந்தது. ஊசிமுனை அளவு காயம்தான். மஞ்சள் வைத்தோம், பஞ்சு வைத்து அழுத்தினோம், இரத்தம் நிற்கவில்லை. என் மகளின் உள்ளங்கையிலேயே அது கண்ணை மூடியது. விற்றவரோ போனில், "டெட்ராசைக்ளின் தண்ணியில கலந்து குடுங்க" என்றார். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸுக்குக் கேட்குமா? கல்லீரல் கெட்டு, இரத்தம் உறையும் சக்தியே போய்விட்டது என்று உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். அதே ஜோடியின் மற்ற குஞ்சுகள் முன்பே செத்திருந்தன. தெரிந்தேதான் விற்றிருக்கிறார். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

குஞ்சு செத்த கூண்டிலிருந்து விற்காதீர்கள். "தாய்ப்பறவை நல்லாத்தானே இருக்கு" என்பது பதில் இல்லை. பெரிய பறவை எந்த அறிகுறியும் காட்டாமலே நோயைப் பரப்பும். எச்சத்தில் போகும், இறகுத் தூசியில் போகும், ஒரே சிரிஞ்சில் ஊட்டினால் எல்லாக் குஞ்சுக்கும் போகும். வெறும் சோப்புத் தண்ணீருக்கு இந்த வைரஸ் அசையாது.

இந்த வைரஸ் தாக்கி வாலிலும் இறக்கையிலும் இறகு சரியாக முளைக்காத பட்ஜி என்ற சின்னக் கிளியை "இறக்கை வெட்டினது" என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் பச்சைக்கிளியைக் கூடையில் மூடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சன் கானூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. அந்தப் பதிவைக் கேட்டால் முறைக்கிறீர்கள். உயிரை விற்கிறவர்களுக்கு இவ்வளவு அலட்சியம் ஆகாது.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. நான் கேட்பது இதுதான். புதுப் பறவையைப் பழையதோடு சேர்க்காமல் தனி அறையில் வையுங்கள். குஞ்சு செத்தால் வைரஸைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை அந்தக் கூண்டிலிருந்து ஒன்றையும் விற்காதீர்கள். ஏற்கெனவே விற்றிருந்தால் வாங்கியவரை இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளி வளர்க்கும் ஒரு தகப்பன்,
காவேரிப்பட்டணம்