ஓ.பி. சீட்டில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பக்கவாதம் வந்தவரைத் தூக்கி வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. அவர் நன்றாக இருந்ததை யாராவது கடைசியாக அறிந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது.

ஒரு நாள் காலை 9.40 மணிக்கு 58 வயது விவசாயி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வலக்கை துவண்டு, வாய் கோணி, பேச்சு நின்றிருந்தது. 5 மணிக்கு டீ கொடுத்ததாகவும், 7 மணிக்கு மாட்டுக் கொட்டகையில் கிடந்ததைப் பார்த்ததாகவும் மனைவி சொன்னார். அப்படியானால் கெடு பத்து நிமிடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. சட்டைப்பையில் இருந்த செல்போனை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 6.12 மணிக்கு உரக்கடைக்காரரிடம் பேசியிருந்தார். அவரை அழைத்துக் கேட்டோம்: "நன்றாகத்தானே பேசினார், மூட்டைக் கணக்கெல்லாம் சரியாகச் சொன்னாரே!" விவசாயியின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 6.12 என்று பேனாவால் எழுதி, ஸ்ட்ரெச்சரை ஸ்கேன் அறைக்குத் தள்ளினோம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை. 10.25க்கு ஊசி ஏறியது. அன்று மாலை அந்த வலக்கை விரல்கள் மனைவியின் வளையலைப் பற்றிக்கொண்டிருந்தன.

இவரை வழியில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி ஒன்றேகால் மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. வந்திருப்பது அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் அதே ஊசி உயிரைக் குடித்துவிடும். அதனால்தான் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே 108 வண்டியில் நேராக வரச் சொல்கிறோம். வாயில் காபியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும்.

தலையில் அடிபட்டவர்களுக்கும் நேரம்தான் பேசும். "பேசிக்கொண்டுதான் வந்தான், அசதியில் தூங்குகிறான்" என்று எத்தனை தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள்! எத்தனை மணிக்கு அந்தத் தூக்கம் தொடங்கியது என்று சொன்னால் போதும், மருத்துவர் விழித்துக்கொள்வார். மண்டைக்குள் ரத்தம் சேர்கிறதா என்று பார்ப்பார்.

சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை இதுதான். அவசரப் பிரிவின் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஊருக்குக் கீழே "கடைசியாக நன்றாக இருந்த நேரம்" என்று ஒரு வரி அச்சிடுங்கள். அதை நிரப்பி வருபவரைச் சீட்டுக்கான வரிசையில் நிறுத்தாமல் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.