ஞாயிறு வகுப்பு: இம்முறை ஐ2சி மட்டும்

வணக்கம். ஞாயிறு காலை 9.30க்கு வெள்ளவத்தையில், வழமையான இடம். ஐ2சி என்பது சிப்கள் தமக்குள் தரவு பரிமாறும் ஒரு முறை. 1982இல் பிலிப்ஸ் உருவாக்கிய இதில் எஸ்டிஏ (தரவுக்கு), எஸ்சிஎல் (கிளொக் துடிப்புக்கு) என்று இரண்டே கம்பி. பல சிப்கள் அதிலேயே பேசும். எந்தச் சிப்பும் கம்பியின் வோல்ட்டேஜைக் கீழே இழுக்கத்தான் முடியும், மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டர் (கம்பியைப் பவரோடு இணைக்கும் மின்தடை). அதனால் கம்பிக்கு ஒன்றாக 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு கொண்டு வாங்கோ. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். (சில மொடியூல்களில் ஏற்கனவே இருக்கும், வாங்கமுதல் பாருங்கோ.) இதுபோன்ற இன்னொரு முறையான எஸ்பிஐ அடுத்த கிழமை. சிப்புக்குள்ளேயே பகுதிகளுக்கிடையே தரவு கடத்தும் ஏஎக்ஸ்ஐ கேட்ட தம்பிமார் பொறுங்கோ: அதில் வேலிட் (அனுப்புபவரின் 'தரவு இருக்கு'), ரெடி (பெறுபவரின் 'எடுக்கத் தயார்') என்ற சிக்னல் இரண்டும் ஒரே கிளொக் விளிம்பில் உயர்ந்திருந்தால்தான் தரவு கைமாறும். அவசரப்பட்டுப் படிக்கிற விசயம் இல்லை. வர இயலாதவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கோ.