தவளைக்கு வெயில் பழக்கம்தானே என்று கேட்டாயே

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி படித்து மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் மேலூரில் வைத்திருக்கும் கடை பரவாயில்லாமல் ஓடுகிறது. எனக்கு முழங்கால் வலிதான் தீரவில்லை. ஆனாலும் சாயங்காலம் கண்மாய்க் கரைவரை நடந்துவிட்டு வருகிறேன்.

கரையில் தவளைச் சத்தம் குறைந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். "மதுரை வெயிலிலேயே பிறந்து வளர்ந்த தவளைக்கு இன்னும் ஒரு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும், குளிர் நாட்டுத் தவளைதானே கஷ்டப்படும்?" என்று கேட்டிருக்கிறாய். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிராக இருக்கிறது, சாந்தி.

குளிர் நாட்டுத் தவளை பனியையும் பார்க்கிறது, கோடையையும் பார்க்கிறது. இரண்டையும் தாங்கும்படி அதன் உடம்பு அமைந்திருக்கிறது. சூடு கொஞ்சம் கூடினாலும் தாங்க இடம் இருக்கிறது. நம் பக்கத்துக் காட்டுத் தவளைக்கு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு. அந்தச் சூட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அதன் உடம்பு. பிரித்துவிடத் தையலில் துணி மிச்சம் இல்லை. பூச்சி, தவளை, பல்லி, ஆமை எல்லாவற்றின் தாங்குதிறனையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. வெப்பம் அதிகமாகக் கூடுவது வடக்கே குளிர் நாடுகளில்தான். ஆனால் பெரிய அடி வெப்ப நாட்டு உயிர்களுக்கு விழும் என்றது அது. அவை ஏற்கெனவே தம் எல்லைக்குப் பக்கத்தில் வாழ்கின்றன.

நமக்கு வியர்த்தால் சொம்புத் தண்ணீர் போதும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதே இல்லை. ஈரமண்ணில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்து தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான், தோல் காய்ந்தால் அதுவும் நின்றுபோகும். சூடு தணிக்கத் தோலிலிருந்து நீர் ஆவியாக வேண்டும், போன நீரை ஈடுகட்ட ஈரமண் வேண்டும். இன்னொன்றும் உண்டு. அதன் உடம்புச் சூடு சுற்றுப்புறத்தோடு சேர்ந்தே ஏறும். சூடு ஏறினால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு அதிக சக்தியைச் செலவழிக்கும். பசி கூடும். ஆனால் வெயிலுக்குப் பயந்து பொந்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் நேரமும் கூடும், இரை தேட வெளியே வரும் நேரம் குறையும்.

மலைக்கு ஏறிப் போய்விடலாமே என்று நினைப்பாய். சில உயிர்கள் அப்படித்தான் போகின்றன. போர்ட்டோ ரிக்கோ தீவில் 'கோக்கி' என்று கத்தும் சின்னத் தவளையின் குரலை மலையின் பல உயரங்களில் பதிவு செய்து, 23 வருஷம் கழித்து அதே இடங்களில் மறுபடி பதிவு செய்தார்கள். ஒவ்வொரு உயரத்திலும் குரல் முன்பைவிடக் கீச்சென்று ஆகியிருந்தது, உடம்பும் சிறுத்திருந்தது. எப்போதும் மலை அடிவாரச் சூட்டில் இருப்பவைதான் சிறுசு, குரலும் கீச்சு. அந்தக் கீழ்க்குரல் மலை ஏறிவிட்ட மாதிரி. சரி, ஏற மலை மிச்சம் இருக்கும்வரை ஏறலாம். நமக்கு மேற்கே மூணாறுக்கு அந்தப் பக்கம் ஆனைமுடி, 2695 மீட்டர். அதன் உச்சிப் பக்கத்தில் புல்லும் மூங்கில் புதரும் உள்ள கொஞ்ச இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புதர்த்தவளை இருக்கிறது. 2010-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். அது இதற்கு மேல் எங்கே ஏறும்? இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலும் மண்ணுக்குள்ளேயே வாழும் ஊதா நிறத் தவளை ஒன்றை 2017-இல் புது இனமாக அறிவித்தார்கள். வருஷத்தில் சில நாள் மழையில் மட்டும் இனப்பெருக்கத்துக்கு வெளியே வரும். அந்த நாட்களில் மழை தவறினால் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 2023-இல் வந்த உலகக் கணக்கில் தவளை, தேரை போல நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர் வகைகளில் ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் என்றிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதில் முக்கியமான இடம்.

என் கண்மாய்க்கு வருகிறேன். இங்கே குறைந்ததற்கு வெயில் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே சீமைக்கருவேலம் மண்டிவிட்டது, வயலில் அடிக்கும் மருந்தும் மடை வழியாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டு இருபது நாள் வராமல் போன வருஷம் நான் கண்ணால் பார்த்தேன். குட்டையில் ஆயிரக்கணக்கில் தலைப்பிரட்டை. கால் முளைக்கும் முன்னே தண்ணீர் சுண்டி, சேற்றில் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. காக்காய்கூடத் தின்று முடிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கலுங்குப் பக்கம் எலுமிச்சை மஞ்சளில் பெரிய தவளைகளைப் பார்த்தோமே, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை உப்ப? நீ பயந்து என் தாவணியைப் பிடித்துக்கொண்டாய். அந்த மஞ்சளை நான் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

வரப்புப் புல்லைக் கொளுத்த வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் சண்டை போட்டு ஒரு மூலையை விட்டு வைத்திருக்கிறேன். கிணற்றடி வேப்பமர நிழலில் குழி வெட்டி, குளிக்கிற தண்ணீரை அங்கே திருப்பியிருக்கிறேன். சோப்பு மட்டும் போடுவதில்லை. இப்போது இரண்டு தேரை, ஒரு மரத்தவளை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த ராத்திரி உனக்குப் போன் போடுவேன். எந்நேரமானாலும் எடு. கரையில் நின்று போனைக் கண்மாய்ப் பக்கம் நீட்டிப் பிடிக்கிறேன். கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு குரல் வருமே, அது கேட்கிறதா என்று சொல்.

அன்புடன்,
கலா