கபிஸ்தலம் தாண்டி டயர் கிழிந்தபோது உதவிய அண்ணனுக்கு நன்றி

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கும்பகோணத்திலிருந்து கபிஸ்தலம், திருவையாறு வழியாகக் கல்லணை வரை தனியாக சைக்கிளில் போனேன். மழை விட்டிருந்தது. இருபுறமும் சம்பா நடவு பச்சை கட்டி நின்றது. டெல்டாவைப் பார்க்க இதைவிட நல்ல மாதம் கிடையாது என்பேன்.

கணபதி அக்ரஹாரத்துக்கு முன்னால், மழையில் அரித்த சாலையோரக் கருங்கல் ஒன்று பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. டியூப் பஞ்சர் என்றால் என்னிடம் மாற்று டியூப் உண்டு. டயரே கிழிந்தால், புது டியூபும் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கி வெடித்துவிடும்.

வாய்க்காலில் மடை திருத்திக்கொண்டிருந்த நீங்கள் மண்வெட்டியோடு அப்படியே கரையேறி வந்தீர்கள். "இரு தம்பி, வர்றேன்" என்று சொல்லிப் பம்ப்செட் கொட்டகைக்குப் போய், பழைய பைக் டயரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டை அறுத்து வந்தீர்கள். அதன் ஓரங்களை அரிவாளால் மெல்லிசாகச் சீவியதுதான் பெரிய விஷயம். சீவாமல் வைத்திருந்தால் அந்த விளிம்பே டியூபை அறுத்திருக்கும். கிழிசலுக்கு உள்பக்கம் அதைப் பதித்து, நான் காற்றடிக்க, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "போதும், ரொம்ப ஏத்தாத" என்றீர்கள்.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. அப்புறம் சொம்பில் மோர் வேறு!

கல்லணை வரைக்கும், திரும்பி வீடு வரைக்கும் அந்தத் துண்டு தாங்கியது அண்ணே. அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. மனசார நன்றி. அறுவடைக்கு முன் அந்தப் பக்கம் வருகிறேன், கொட்டகையில் வந்து பார்க்கிறேன்.