மன்றோவை ஒரு மதிப்பெண் வினாவாக முடிக்காதீர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளி வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கிய இரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் யார்? தாமஸ் மன்றோ. எந்த ஆண்டு? 1820. எங்கள் தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்த முறை உருவானதே தங்கள் ஊர்களில்தான் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

1820 என்பது மன்றோ சென்னை ஆளுநரான ஆண்டு. கதை அதற்கு 28 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளும் தெரியாது, மக்களின் நடைமுறையும் தெரியாது என்று கருதிய தலைமை ஆளுநர் காரன்வாலிஸ், நிர்வாகத்தை கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. கிளாஸ்கோவில் பிறந்து, 1780-இல் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னைக்கு வந்து, ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் எதிராகச் சண்டையிட்டவர்.

1799 வரை ஏழு ஆண்டுகள் இவர்கள் இங்கே வயல் வயலாக அளந்தார்கள். ஜமீன்தாரோ குத்தகைதாரரோ நடுவில் இல்லாமல், உழவரிடமே தீர்வை, அதாவது நிலவரி, பேசினார்கள். விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம் என்று 1796-இல் ரீட் அறிவித்தார். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கிறது. ஆண்டுதோறும் கணக்குப் பார்த்த அந்த நிர்வாகத்தோடு அதற்குள்ள உறவை ஒரு பத்தியில் சொன்னால், வகுப்பில் எத்தனை கேள்விகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் மன்றோ கன்னடக் கடற்கரைக்கும், 1800-இல் பெல்லாரி, கடப்பை பகுதிகளுக்கும் போனார். தான் விதித்த தீர்வையே அதிகம், கால் பங்கைக் குறையுங்கள் என்று 1807-இல் எழுதினார். அரசு கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆளுநர் என்ற முறையில் அவரே அதைச் செய்ய வேண்டியிருந்தது. 1827-இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார்.

இதைச் சொல்வது அவரைப் புகழ்வதற்காக இல்லை. உயர் பதவிகளை இந்தியர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1824-இல் எழுதியவர், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அந்நியர் ஆட்சியும் பத்திரிகைச் சுதந்திரமும் ஒத்துப்போகாது என்று வாதிட்டார். அவருடைய முறை உழவருக்கு விடுதலை தந்தது என்று எழுதிவிட்டு நகர்வதும் தவறு. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் பணமாகத் தீர்வை கேட்டார்கள். கொடுக்க முடியாதவரின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டினார்கள், அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். இது வெறும் வாய்வழிக் கதை என்று யாரும் தள்ள முடியாது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அளித்த அறிக்கையிலேயே இருக்கிறது. அடித்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் நம்மூர் வருவாய்ச் சேவகர்கள், வசூல் போய்ச் சேர்ந்தது கம்பெனிக்கு. இரண்டையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பட்டா என்பதே எட்டாமல் அடுத்தவர் நிலத்தில் உழைத்த பண்ணையாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டும்.

அடுத்த திருத்தப் பதிப்பில் இதற்கு இரண்டு பக்கம் கொடுங்கள். பாரமகால் ஆவணங்கள் சென்னையில் அரசு அச்சகத்திலேயே நூல்களாக வந்தவை. அவற்றிலிருந்து ஒரு பகுதியையும், 1855 அறிக்கையில் ஓர் உழவரின் வாக்குமூலத்தையும் எளிய தமிழில் தாருங்கள். ஒரு மதிப்பெண் வினாவில் 1820-ஐ மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டு, 1792-க்கும் 1855-க்கும் இடையில் உழவருக்கு என்ன நடந்தது என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

அன்புடன்,
தருமபுரி மாவட்டத்து வரலாற்று ஆசிரியர் ஒருவர்