மலைக்காற்றும் மழை நோட்டும்

ஹிலோ, ஹவாய்
19 பிப்ரவரி 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னியுங்கள். டிவியில் எரிமலையைப் பார்த்து அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தீக்குழம்பு ஊர்ப் பக்கம் வரவில்லை என்று சொல்லுங்கள். நவம்பர் 27 இரவு மௌனா லோவா வெடித்தது. மறுநாள் குழம்பு இறங்கி, அந்த மலைமேல் காற்றை அளக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஏறும் ஒற்றைப் பாதையையும் மின்கம்பியையும் அறுத்துவிட்டது. கட்டடம் தப்பியது, கரன்ட் இல்லாமல் கருவிகள் நின்றன.

"தினமும் அதே காற்றை அளந்து என்னதான் தெரிகிறது?" என்று சித்தப்பா கேட்டாராமே. நல்ல கேள்வி. 1958 மார்ச்சில் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி இங்கே அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு பத்து லட்சத்தில் 313 பங்கு. போன மே மாதச் சராசரி 421. ஆனால் அது நேராக ஏறுவதில்லை. மே மாதம் உச்சம்; பிறகு வடக்கே காடுகள் தழைத்து இழுத்துக்கொள்வதால் செப்டம்பர் கடைசிக்குள் ஆறேழு பங்கு இறங்கும். ஒரு வருஷத்தின் நிகர ஏற்றம் சுமார் இரண்டரைதான். இந்த ஊசலாட்டத்துக்குள் அந்த இரண்டரையைப் பிரித்தெடுக்க, ஒரே அளவுகோலில் வருஷக்கணக்காக விடாமல் அளக்க வேண்டும்.

ஆய்வுக்கூடம் இருக்கும் உயரம் 3,397 மீட்டர். மேகங்கள் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும். இரவில் மலைமேலிருந்து இறங்கும் காற்று, கடல் கடந்து வந்த சுத்தமான காற்று. வெயில் ஏறியதும் காற்று திரும்பி, கீழ்க் காட்டைத் தொட்டு மேலே வரும். செடிகள் வாயுவை உண்டுவிட்டதால் அளவு குறைவாகக் காட்டும். அதனால் பகல் 11 முதல் மாலை 7 வரையிலான அளவுகள் கணக்கில் சேராது. எரிமலை வாயிலிருந்து கசிவு வந்தால் நிமிடத்துக்கு நிமிடம் எண் துள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் அந்த எண்களின் சிதறல் 0.30 பங்கைத் தாண்டினால் அந்த மணியும் விலக்கு.

குடுவையில் காற்றுப் பிடிப்பது தனி வேலை. நாம் விடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 40,000. ஒரு மூச்சு கலந்தாலும் குடுவை பாழ். காற்று வரும் திசையை எதிர்த்து நின்று, மூச்சை அடக்கி, குடுவையைத் தள்ளிப் பிடித்து வால்வைத் திறந்து மூட வேண்டும். கருவிக்குப் போகும் காற்றைக் குளிரவைத்து, அதிலுள்ள ஈரத்தை உறையச்செய்து எடுத்துவிடுவோம். ஈரம் இருந்தால் அளவு குறைந்து தெரியும். அளவு தெரிந்த காற்றை அடைத்து, கருவியைச் சரிபார்க்க ஒப்பிடும் சிலிண்டரைக் காலியாகும்வரை ஓட்டக்கூடாது. அழுத்தம் குறையக் குறைய உள்சுவரில் ஒட்டிய வாயு பிரிந்து எண்ணை உயர்த்தும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பத்து வருஷக் கணக்கையே கெடுக்கக்கூடியது இதுதான்.

டிசம்பர் முதல் வடக்கே 34 கிலோமீட்டர் தள்ளி மௌனா கேயா என்ற மலையில் அளக்கிறார்கள். இன்னும் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. குளிருக்கு அம்மா பின்னிய மப்ளர் போதும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கி 'போய்' என்று சாப்பிடுகிறார்கள், லேசான புளிப்பு. பக்கத்து வீட்டுத் தாத்தா இரவானால் டார்ச்சோடு கோக்கி தவளை பிடிக்கப் போய்விடுவார். விரல்நுனி அளவு தவளை, சத்தமோ பம்புசெட் போல. எனக்குப் பப்பாளிப்பழம் வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை மழை ஓட்டின் மேல் விழும்போது, நம் திண்ணையில் மழைமானியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்பது போலவே இருக்கிறது. அப்போது எழுந்து போய் அடுப்பில் எதையாவது வைத்துவிடுவேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மழை நோட்டு விட்டுப்போயிற்று, அக்கம்பக்கத்தில் கேட்டு நிரப்பட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. காலியாக விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். மானியைத் தென்னைக்கு அடியில் மாற்றியிருந்தால் தேதியையும் குறியுங்கள். மட்டை மழையை மறைக்கும்.

அம்மாவின் அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் சித்திரைக்குள் முடியட்டும். பணம் இந்த மாதம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், அண்ணியிடம் கைமாற்று கேட்க வேண்டாம். தங்கை ஜாதகத்தை அத்தை கேட்டால் படிப்பு முடியட்டும் என்று சொல்லுங்கள். கிழக்குக் கொல்லைப் பட்டாவில் பெரியப்பா கையெழுத்து வாங்கியாயிற்றா? சர்வே எண்ணைச் சரிபார்த்த பிறகு நகல் ஒன்று அனுப்புங்கள், நானும் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறித்து.

அன்பு மகன்