நிபுணத்துவ கிளினிக் மூடப்படும்போது கேட்டு வாங்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிளினிக் கதவில் "இம்மாத இறுதியோடு மூடப்படுகிறது" என்று தாள் ஒட்டியதும், அதைப் படமெடுத்து வாட்சப் குழுவில் போட்டு, "இனி எந்த டாக்டரிடம் போவது?" என்று கேட்கிறோம். டாக்டரைப் பிறகும் தேடிக்கொள்ளலாம். கவுன்டரில் ஆள் இருக்கும்போதே வாங்க வேண்டியவற்றை முதலில் வாங்கிவிட வேண்டும்.

அசல் கோப்பு கிளினிக்கின் உடைமை. அதைக் கையில் தர மாட்டார்கள். ஆனால் அதிலுள்ள தகவலின் பிரதியைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. தேதியும் அடையாள அட்டை எண்ணும் போட்டு, கையெழுத்திட்ட கடிதமாகக் கொடுங்கள்; கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதில் தர 21 நாள் அவகாசம் தருகிறது. கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் அந்த அவகாசம் முடிவதற்குள் கதவு பூட்டப்பட்டிருக்கும். பெற்றோருக்காகப் பிள்ளைகள் போவதானால், பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகலும் தேவைப்படும்.

முழுக் கோப்பையும் நகலெடுப்பதைவிட நல்ல சுருக்க அறிக்கை ஒன்றே புதிய மருத்துவருக்கு அதிகம் பயன்படும். நோய் என்ன, முதலில் எந்த மாதம் கண்டறியப்பட்டது, செய்த சிகிச்சை, ஒவ்வாமை, இப்போதைய மருந்தும் அளவும், அடுத்த பரிசோதனை எப்போது என்பவை அதில் இருக்க வேண்டும். கண்டறிந்த தேதியைப் பலர் கவனிப்பதில்லை. காப்புறுதி நிறுவனம் பின்னாளில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். பதில் சொல்ல வேண்டிய கிளினிக் அப்போது இருக்காது. ஆஞ்சியோகிராம், எக்கோ, ஸ்கேன் ஆகியவற்றுக்கு அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் கேளுங்கள். திசுப் பரிசோதனை மாதிரிகள் பெரும்பாலும் வெளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும். அதன் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இதயத்தில் பொருத்திய பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்கும் கருவி), ஸ்டென்ட் (இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) ஆகியவற்றின் விவர அட்டைகள் கிளினிக்கிலேயே தங்கிவிடக் கூடாது.

பெரிய சிக்கல் மருந்தில்தான். நம் நாட்டில் கிளினிக்கே மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவதால், மருந்துச்சீட்டு பலர் கையில் இருப்பதே இல்லை. மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், எத்தனை முறை மீண்டும் தரலாம் என்பவற்றோடு, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சீட்டைக் கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் அண்மைய அளவுகளையும் வாரத்துக்கான மொத்த மில்லிகிராமையும் எழுதி வாங்க வேண்டும். 1, 3, 5 மில்லிகிராம் மாத்திரைகள் தனித்தனியாக உள்ளதால் "ஒன்றரை மாத்திரை" என்ற குறிப்பு ஆபத்தில் முடியும். ஸ்டென்ட் வைத்தவர்கள், அதில் இரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரலை எந்தத் தேதிவரை தொடர வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிசோப்ரோலோல் (இதய, இரத்த அழுத்த மருந்து), வலிப்பு மருந்து, வாரக்கணக்கில் எடுத்த பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) ஆகியவற்றைத் தீர்ந்துவிட்டதென்று திடீரென நிறுத்தக் கூடாது.

தனியார் மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு பினாங்கு மருத்துவமனையின் நிபுணத்துவப் பிரிவுக்குப் போனால், குடிமக்களுக்கு முதல் வருகைக்கு 30 ரிங்கிட், அடுத்தடுத்து 5 ரிங்கிட். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் இதே கட்டணம்தான். முதல் சந்திப்புத் தேதி சில மாதங்கள் தள்ளியும் கிடைக்கலாம். அதுவரை, நாம் 1 ரிங்கிட் மட்டும் கட்டும் அரசாங்க சுகாதார கிளினிக், இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளைத் தொடர்ந்து தரும். அங்கே ஒரு கண்ணி உண்டு. எக்ஸ்ஃபோர்ஜ் மாத்திரை ஒன்றிலேயே அம்லோடிபின், வல்சார்டன் என்ற இரத்த அழுத்த மருந்துகள் இரண்டும் இருக்கின்றன. அரசாங்க கிளினிக்கில் அவை தனித்தனியாக வரக்கூடும். பெயர் வேறு என்பதால் வீட்டில் மீந்த பழையதையும் சேர்த்து விழுங்கி, அழுத்தம் சரிந்து மயங்கி விழுபவர்கள் உண்டு. பழைய பொட்டலங்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே பாதுகாப்பு.

முன்பணம் கட்டிய சிகிச்சைத் தொகுப்பு பாக்கி இருந்தால், ரசீதோடு எழுத்தில் கேளுங்கள். திருப்பித் தராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். பதிவுகளைத் தர மறுத்தால் மாநில சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புகார் செய்யலாம். அதற்கும் அந்த முத்திரையிட்ட நகல் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு